மெக்டவல் கவுண்டிக்குக் குடிபோகலாமா?

கேள்வி இதுதான்: "என் மனைவிக்கு வெஸ்ட் வர்ஜீனியாவின் மெக்டவல் கவுண்டியில் டாக்டர் வேலை கிடைத்திருக்கிறது. டாக்டர் பயிற்சி முடிந்ததும் சொந்த நாடு திரும்ப வேண்டும் என்ற ஜே-1 விசா விதியிலிருந்து விலக்குப் பெற மூன்று வருடம் அங்கேயே வேலை பார்த்தாக வேண்டும். எங்களுக்கு நான்கு வயதில் ஒரு பெண் குழந்தை. தேடிப் பார்த்தால் வறுமை, போதை மருந்து, வெள்ளம் என்றே வருகிறது. அங்கே குடும்பத்தோடு வாழ முடியுமா? மனிதர்கள் எப்படி? ஏன் அந்த ஊரை விட்டு எல்லோரும் போய்விடவில்லை?"

வாழ முடியும். இதை நான் கேள்விப்பட்டுச் சொல்லவில்லை. என் மனைவியும் இதே விலக்கில்தான் 2014இல் அந்தப் பக்கம் வேலைக்குச் சேர்ந்தார். மூன்று வருடம் என்று போனவர்கள் ஆறு வருடம் இருந்தோம். வீடு பக்கத்து மெர்சர் கவுண்டியில், பிரின்ஸ்டனில். எனக்கு வீட்டிலிருந்தே செய்யும் வேலை. சனிக்கிழமைகளில் மெக்டவலில் ஓர் உணவு வங்கிக்குப் போய் மூட்டை தூக்கினேன். அந்த மூட்டைகள் வழியாகத்தான் அந்த ஊர் எனக்குத் தெரியவந்தது. இப்போது நார்த் கரோலைனாவின் ஷார்லட்டில் இருக்கிறோம். இன்னமும் போய்வருகிறோம்.

நீங்கள் தேடிப் பார்த்ததில் வந்தவை பொய் இல்லை. ஆனால் அதை மட்டும் படித்துவிட்டுப் போனால் அந்த மனிதர்களைப் பிறவி ஏழைகள் என்று நினைத்துவிடுவீர்கள். நம்மில் வாழ்ந்து கெட்ட குடும்பம் என்று சொல்வோமே, மெக்டவல் ஒரு வாழ்ந்து கெட்ட ஊர். இதை மனதில் வைத்துக்கொண்டு போனால் அங்கே பார்க்கிற எல்லாவற்றுக்கும் பொருள் விளங்கும்.

1950 கணக்கெடுப்பில் அந்தக் கவுண்டியின் மக்கள்தொகை 98,887. 2020இல் 19,111. ஐந்தில் நான்கு பேர் இல்லை. ஒரு தெருவில் பத்து வீடு இருந்தால் எட்டு வீட்டைக் கண்ணை மூடிக்கொண்டு அழித்துப் பாருங்கள். வெல்ச்சில் காரை நிறுத்திவிட்டு மெயின் தெருவில் நடந்தால் அப்படித்தான் இருக்கும். மூன்று மாடி, நான்கு மாடிச் செங்கல் கட்டடங்கள். கல் முகப்பு வைத்த பழைய வங்கி. கீழே கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் ஒன்றும் இல்லை. அதே தெருவில் ஒரு பார்க்கிங் கட்டடம் உண்டு. நகராட்சியே கட்டி நடத்திய மாடிப் பார்க்கிங் அமெரிக்காவில் முதன்முதலில் வந்தது வெல்ச்சில்தான், 1941இல். மலை இடுக்கில் இருந்த ஒரு சின்ன ஊருக்கு அன்றைக்குக் கார் நிறுத்த இடம் போதவில்லை. வயதானவர்கள் யாரைக் கேட்டாலும் சனிக்கிழமை சாயங்காலம் நடைபாதையில் கால் வைக்க இடமிருக்காது, தெருவில் இறங்கித்தான் நடக்க வேண்டும் என்பார்கள்.

எல்லாவற்றுக்கும் காரணம் நிலக்கரி. சாதாரண நிலக்கரி இல்லை. போகஹான்டஸ் அடுக்கு என்று பெயர். புகை குறைவு, சூடு அதிகம், எஃகு உருக்குவதற்கு அதைப்போல வேறொன்று இல்லை. 1880களில் நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் ரயில் மலையைக் குடைந்துகொண்டு வந்தது. அதற்குப் பின்னால் கம்பெனிகள் வந்தன. கம்பெனி வீடு, கம்பெனிக் கடை, கம்பெனி டாக்டர், சம்பளத்தில் ஒரு பங்கு கம்பெனிக் கடையில் மட்டும் செல்லும் உலோக வில்லை. அதற்கு ஸ்கிரிப் என்று பெயர். பிட்ஸ்பர்க்கில் எஃகு வார்த்தார்கள், நியூயார்க்கில் பங்கு பிரித்தார்கள். ப்ளூஃபீல்டிலிருந்து வெல்ச்சுக்குப் போகும் 52ஆம் எண் சாலையை ஒட்டி, மெர்சர் கவுண்டியிலேயே ப்ராம்வெல் என்று ஒரு குட்டி ஊர் வரும். கரி முதலாளிகள் கட்டிய மாளிகைகள் இன்னமும் வரிசையாக நிற்கின்றன. அதை அவசியம் இறங்கிப் பாருங்கள். பிறகு காரில் ஏறி நார்த்ஃபோர்க், கீஸ்டோன், கிம்பல் என்று போங்கள். மாளிகைக்கும் இந்த ஊர்களுக்கும் நடுவே அரை மணி நேரச் சாலைதான். எனக்கு இந்தக் கவுண்டியின் பொருளாதாரத்தை எந்தப் புத்தகமும் இதைவிடத் தெளிவாகச் சொல்லவில்லை.

கரி தீர்ந்துபோய் ஊர் அழியவில்லை என்பதையும் கவனியுங்கள். 1950களில் சுரங்கத்துக்குள் இயந்திரங்கள் வந்தன. இருபது பேர் வெட்டியதை ஓர் இயந்திரம் வெட்டியது. கரி வெளியே போய்க்கொண்டே இருந்தது, ஆள் மட்டும் வேண்டாமல் போயிற்று. குடும்பங்கள் கிளீவ்லாந்து, அக்ரன், டெட்ராய்ட் என்று கார் தொழிற்சாலைக்கும் ரப்பர் தொழிற்சாலைக்கும் போயின. 1960இல் கென்னடி தேர்தல் பிரசாரத்துக்கு இங்கே வந்தார், பசியைக் கண்ணால் பார்த்தார். ஜனாதிபதியான பிறகு, ஏழைகள் கடையில் உணவு வாங்க அரசு சீட்டுக் கொடுக்கும் ஃபுட் ஸ்டாம்ப் திட்டத்தைச் சோதனை முறையில் ஆரம்பித்தபோது நாட்டிலேயே முதல் ஸ்டாம்ப் கொடுக்கப்பட்டது இதே வெல்ச்சில்தான், 1961 மே 29 அன்று. வேலை இழந்த ஒரு சுரங்கத் தொழிலாளியின் குடும்பம், வீட்டில் 15 பேர். 95 டாலருக்கு ஸ்டாம்ப். அதில் முதலில் வாங்கிய பொருள் ஒரு டப்பா பன்றிக்கறி போட்ட பீன்ஸ். அதன் பிறகும் கேரி என்ற ஊரில் யு.எஸ். ஸ்டீல் கம்பெனியின் சுரங்கங்கள் மிச்சமிருந்தன. 1986இல் அவையும் மூடப்பட்டு ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலை இழந்தார்கள். அதோடு முதுகெலும்பு முறிந்தது.

இன்றைக்கும் ராத்திரி படுத்திருந்தால் கரி ரயில் போகும் சத்தம் கேட்கும். நூறு பெட்டிக்கு மேல். நார்ஃபோக் துறைமுகத்துக்குப் போய் அங்கிருந்து கப்பலேறி வெளிநாட்டு எஃகு ஆலைகளுக்குப் போகிறது. ரயில் நிற்காமல் போகும்.

சரி, இப்போது உங்கள் அன்றாடத்துக்கு வருகிறேன். முதலில் தண்ணீர், ஏனென்றால் அங்கே எல்லாம் தண்ணீரில் தொடங்கித் தண்ணீரில்தான் முடிகிறது.

கம்பெனிகள் தங்கள் குடியிருப்புகளுக்குத் தாங்களே குழாய் போட்டன. கம்பெனி போனதும் அந்தக் குழாய்க்குச் சொந்தக்காரர் இல்லை. இரும்புக் குழாய்கள் துருப்பிடித்து, கசிந்து, உடைந்தன. கீஸ்டோனில் ஏறக்குறைய பத்து வருடம் தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும் என்ற அறிவிப்பு நிலுவையில் இருந்தது. பத்து வருடம்! ஒரு குழந்தை பிறந்து ஐந்தாம் வகுப்பு போகும்வரை. இப்போது பொது நீர் வாரியம் ஊர் ஊராகக் குழாயை மாற்றிக்கொண்டு வருகிறது, ஆனால் மலை இடுக்குகளில் பத்துப் பதினைந்து வீடு மட்டும் இருக்கும் இடங்களுக்குக் குழாய் கொண்டுபோக ஆகும் செலவு மிக அதிகம். அந்த மலை இடுக்கைத்தான் அவர்கள் ஹாலர் என்பார்கள். எந்த ஹாலரில் இருக்கிறீர்கள் என்பதுதான் முகவரி.

மலைப்பாறையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் குழாய் நீட்டிக்கொண்டிருக்கும், சாலையோரமாக. ஊற்றுத் தண்ணீர். டிசம்பர் மாதத்தில் ஒரு காலை நான் அங்கே நிறுத்தினேன். எனக்கு முன்னால் ஒரு பிக்கப் வண்டி. எழுபதைத் தாண்டிய ஒரு பெண்மணி பால் கேன்களையும் சலவைத் திரவ டப்பாக்களையும் வரிசையாக வைத்து நிரப்பிக்கொண்டிருந்தார். கையுறையில் விரல் நுனியை வெட்டி விட்டிருந்தார், மூடியைத் திருகுவதற்காக. குடிக்கிற கேனுக்கு நீல நிற டேப், கழுவுகிற கேனுக்கு டேப் இல்லை. நான் தூக்கி வைக்கப் போனேன். "நீலத்தை முன்னால வை ஹனி, உருண்டா நான் திரும்ப வரணும்" என்றார். இருபத்தாறு கேன். வாரத்துக்கு இரண்டு முறை. கணவருக்கு நுரையீரல் நோய், ஆக்சிஜன் வைத்திருக்கிறார், வீட்டுக் குழாயில் வருவது ஆரஞ்சு நிறம். இத்தனையும் சொன்னது புலம்பலாக இல்லை, ஏன் அவசரம் என்பதற்கான விளக்கமாக. முடித்ததும் என் பின்சீட்டில் கேன் எதுவும் இல்லை என்பதைப் பார்த்துவிட்டு, இரண்டை எடுத்து என் காரில் வைத்தார்.

அதனால் வீடு பார்க்கும்போது படுக்கையறை எத்தனை என்று கேட்பதற்கு முன்னால் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கழிவு எங்கே போகிறது என்று கேளுங்கள். செப்டிக் டேங்க் தோண்ட மண் இல்லாத பாறை நிலம் அது. பல வீடுகளில் குழாய் நேராக ஓடையில் விடப்பட்டிருக்கும். மூன்றாவது கேள்வி, 2001இல் தண்ணீர் எவ்வளவு உயரம் வந்தது. வெல்ச்சில்தான் எல்க்ஹார்ன் ஓடையும் டக் ஃபோர்க் ஆறும் கூடுகின்றன. சம நிலம் என்பதே ஆற்றங்கரை மட்டும்தான், ஆகவே சாலை, தண்டவாளம், வீடு, பள்ளி எல்லாம் அந்தக் கரையிலேயே நெருக்கியடித்து நிற்கின்றன. 2001 ஜூலை 8 வெள்ளத்தைத் துடைத்து முடிப்பதற்குள் 2002 மே மாதம் இன்னொன்று வந்து உயிர்களையும் கொண்டுபோயிற்று. 2025 பிப்ரவரியில் மறுபடியும். வாடகை வீடு கிடைப்பதே கஷ்டம், கிடைத்ததை விட்டுவிடாதீர்கள் என்று சொல்வார்கள். ஆனாலும் கரையோர வீட்டுக்குக் குழந்தையோடு போகாதீர்கள். மேட்டில் இருப்பது பழையதாக இருந்தாலும் பரவாயில்லை.

சாலை பற்றி. ப்ளூஃபீல்டிலிருந்து வெல்ச் வரை தூரம் அதிகமில்லை, நேரம் ஒரு மணி. வளைவு, பனிமூட்டம், கரி லாரி, சாயங்காலம் ஆனால் மான். நிறைய இடங்களில் செல்போன் சிக்னல் கிடையாது, வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். டயரை நல்லதாகப் போடுங்கள். சாமான் வாங்குவதும் சாலையோடு சம்பந்தப்பட்டதுதான். 2005இல் கிம்பல் அருகே ஒரு வால்மார்ட் திறந்தது. கரிக்கு அடுத்தபடி பெரிய வேலை வாய்ப்புகளில் ஒன்றாக இருந்தது. நாடு முழுக்க 150க்கும் மேற்பட்ட கடைகளை மூடிய 2016 ஜனவரியில் அதுவும் மூடப்பட்டது. அதன் பிறகு புதிய காய்கறி, பழம் என்றால் ஊரில் இருக்கும் ஓரிரு மளிகைக் கடை அல்லது மலையைத் தாண்டிப் பயணம். தேங்காய் எண்ணெய், துவரம் பருப்பு, கறிவேப்பிலை எல்லாம் ஷார்லட்டில்தான். 77ஆம் எண் நெடுஞ்சாலையில் பிரின்ஸ்டனிலிருந்து இரண்டரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். நாங்கள் மாதம் ஒரு முறை போனோம். ஃப்ரீசர் தனியாக ஒன்று வாங்குங்கள், வாங்கிய முதல் மாதமே அதன் அருமை தெரியும்.

உங்கள் மனைவியின் வேலையைப் பற்றிச் சொல்வதென்றால், அவர் போவது நாட்டிலேயே டாக்டர் மிக அதிகமாகத் தேவைப்படுகிற இடங்களில் ஒன்றுக்கு. 2010 நிலவரப்படி மெக்டவல் ஆண்களின் சராசரி ஆயுள் 64 வயது. நம்மவர் நிறையப் பேர் வாழும் வர்ஜீனியாவின் ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டியில் அதே ஆண்டில் 82 வயது. இரண்டுக்கும் இடையே காரில் ஒரே நாள் பயணம், வயதில் பதினெட்டு வருடம். சர்க்கரை, இதயம், சிகரெட் என்று வழக்கமான காரணங்கள் உண்டு. அப்புறம் கரித்தூள் நுரையீரல். ஒழிந்தே போய்விடும் என்று ஒரு காலத்தில் நம்பப்பட்ட அந்த நோய் இந்த மலைப் பகுதியில் திரும்பி வந்திருக்கிறது, அதுவும் நாற்பது வயதுக்காரர்களிடம். நல்ல அடுக்கெல்லாம் வெட்டி முடிந்து, மெல்லிய அடுக்கை எடுக்க நடுவில் இருக்கும் பாறையையும் சேர்த்து வெட்டுகிறார்கள். அந்தப் பாறையின் சிலிக்காத் தூள் கரித்தூளைவிடக் கொடியது.

போதை மருந்தைப் பற்றி வெளியூர்க்காரர்கள் பேசும்போது ஏதோ சீரழிந்த ஜனம் என்கிற தொனி வந்துவிடுகிறது. அது எனக்குக் கோபத்தை வரவழைக்கும். குனிந்தபடி எட்டு மணி நேரம் வேலை செய்து முதுகு போனவனுக்கு வலி மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். மாத்திரை மலை மலையாக வந்து இறங்கியது. வேலை போனது, வலியும் மாத்திரையும் மட்டும் தங்கின. பெற்றோர் இறந்தோ சிறையிலோ இருக்க, தாத்தா பாட்டி வளர்க்கும் பிள்ளைகள் அங்கே ஏராளம். உங்கள் மகள் வகுப்புப் பிள்ளைகளை அழைத்துப்போகப் பள்ளிக்கு வருபவர்களில் பாதிப் பேர் நரைத்த தலையாக இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். அந்தப் பாட்டிகள் அறுபத்தைந்து வயதில் மறுபடி டயப்பர் மாற்றப் பழகியவர்கள். என் மனைவி சொல்வார், அவர் பார்த்த அம்மாக்களில் யாரும் மருந்துச் சீட்டை அந்தப் பாட்டிகள் அளவுக்குக் கவனமாகப் படித்ததில்லை என்று.

இந்திய டாக்டர் என்றால் அங்கே புதுமை இல்லை. 1965 குடியேற்றச் சட்டத்துக்குப் பிறகு வந்த டாக்டர்கள் பலர் இந்தக் கரி மலைகளில் வேலைக்குச் சேர்ந்து அப்படியே தங்கிவிட்டார்கள். "என்னைப் பிரசவம் பார்த்ததே ஒரு இந்திய டாக்டர்தான்" என்று உங்களிடம் யாராவது முதல் மாதத்திலேயே சொல்வார்கள்.

வேறு நிறம், வேறு மொழி என்பதும் அந்த ஊருக்குப் புதிதில்லை. அது வெள்ளைக்கார மலை ஊர் என்ற எண்ணம் பாதிதான் உண்மை. கரி வெட்ட ஹங்கேரி, இத்தாலி, போலந்திலிருந்து வந்தார்கள்; அலபாமா, வர்ஜீனியா பக்கமிருந்து கறுப்பினத்தவர் பெருந்திரளாக வந்தார்கள். வெஸ்ட் வர்ஜீனியாவில் அவர்களுக்கு ஓட்டுரிமை தடுக்கப்படவில்லை, சுரங்கத்தில் ஒரே கூலி. 1928இல் கீஸ்டோனைச் சேர்ந்த மின்னி பக்கிங்ஹாம் ஹார்ப்பர், காலமான கணவரின் இடத்துக்கு நியமிக்கப்பட்டு, அமெரிக்கச் சட்டமன்றம் ஒன்றில் அமர்ந்த முதல் கறுப்பினப் பெண் ஆனார். அதே ஆண்டு, முதல் உலகப் போரில் பணியாற்றிய கறுப்பின வீரர்களுக்காகக் கிம்பலில் ஒரு நினைவுக் கட்டடம் எழுந்தது. தூண் வைத்த அழகான கட்டடம். தீப்பிடித்துக் கூரை போய்க் கிடந்ததை மீட்டுக் கட்டியிருக்கிறார்கள். நார்த்ஃபோர்க் பள்ளிக் கூடைப்பந்து அணி 1974 முதல் 1981 வரை தொடர்ந்து எட்டு முறை மாநிலப் பட்டம் வென்றது. அந்தப் பள்ளி இப்போது இல்லை. ஆனால் அந்த ஆட்டங்களின் கடைசி நிமிடத்தை நேற்று நடந்தது போலச் சொல்ல இன்றும் ஆள் இருக்கிறது.

எங்களிடம் யாராவது முறைத்தார்களா என்று கேட்டால், ஆறு வருடத்தில் பெட்ரோல் பங்கில் இரண்டு முறை. சில வாசல்களில், அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென் மாநிலங்களின் கான்ஃபெடரேட் கொடி பறக்கும், பார்க்கும்போது மனம் சுருங்கும், அதை மறைக்க மாட்டேன். 2008இல் ஒபாமாவை ஜெயிக்க வைத்த கவுண்டி 2016இல் முக்கால்வாசி ஓட்டை ட்ரம்புக்குப் போட்டது. இதைப் பற்றி அவர்களே பேச்செடுத்தால் கேளுங்கள், நீங்களாக எடுக்க வேண்டாம். அவர்கள் உங்களிடம் முதலில் கேட்பது வேறு கேள்வி: "உங்க ஆளுங்க யாரு?" அதாவது எந்தக் குடும்பம், எந்த ஹாலர், யாருடைய பேத்தி. நமக்கு இந்தக் கேள்வி பழக்கமானதுதானே. அம்மா ஊர், அப்பா தொழில், அக்கா எங்கே கட்டிக்கொடுத்தது என்று நிதானமாகப் பதில் சொல்லுங்கள். சொல்லச் சொல்ல அவர்கள் முகம் இளகுவதைப் பார்ப்பீர்கள்.

ஊர் வாழ்க்கை மூன்று இடத்தில் நடக்கிறது: சர்ச், பள்ளி, தீயணைப்பு நிலையம். சர்ச்சுக்கு அழைப்பார்கள், ஒன்றுக்கு மூன்று முறை. போக விருப்பமில்லை என்றால் எங்கள் வழிபாடு வேறு என்று நேராகச் சொல்லிவிடலாம், மனம் கோணமாட்டார்கள். ஆனால் சர்ச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் போங்கள். பின்டோ பீன்ஸும் சோள ரொட்டியும் கட்டாயம் இருக்கும். பீன்ஸில் பன்றிக்கறி போட்டிருப்பார்கள், சைவமென்றால் முன்பே சொல்லிவையுங்கள், தனியாக ஒரு சட்டி வரும்.

தீயணைப்பு நிலையம் முழுக்கத் தன்னார்வலர்களால் நடப்பது. வண்டிக்கு டீசல், குழாய், தலைக்கவசம் எல்லாவற்றுக்கும் அவர்களே காசு சேர்க்கிறார்கள். அதற்குத்தான் ஹாட் டாக் விற்பனை. கைமா சாஸும் துருவிய முட்டைகோஸ் சாலடும் போட்டு வெள்ளைக் காகிதத்தில் சுற்றித் தருவார்கள். நான் பார்த்த ஒரு சனிக்கிழமை, உள்ளே சுவரில் நெஞ்சு உயரத்துக்கு ஒரு பழுப்புக் கோடு இருந்தது. 2001 வெள்ளம் நின்ற உயரம். பெயின்ட் அடிக்கும்போது அந்தக் கோட்டை மட்டும் விட்டுவிட்டு அடித்திருந்தார்கள். அதற்குக் கீழே மேசை போட்டு ஒரு பையன் சில்லறை வாங்கிக்கொண்டிருந்தான், பத்தாம் வகுப்பு இருக்கும். திடீரென்று அவன் இடுப்பிலிருந்த தீயணைப்பு அழைப்புக் கருவி அலறியது. கையிலிருந்த காசை அப்படியே மேசையில் வைத்துவிட்டு ஓடினான். வரிசையில் நின்றவர்களில் நான்கு பேரும் ஓடினார்கள். மிச்சமிருந்த பெண்மணி ஒருவர் வரிசையிலிருந்து விலகி மேசைக்குப் பின்னால் போய் உட்கார்ந்து அடுத்த ஆளுக்குச் சில்லறை கொடுத்தார். யாரும் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

பள்ளியைப் பற்றிக் கவலை இருக்கும். இருக்க வேண்டியதுதான். 2001இலிருந்து 2013 வரை அந்தக் கவுண்டிப் பள்ளிகளை மாநில அரசே நேரடியாக எடுத்து நடத்தியது, அவ்வளவு மோசமாக இருந்தது. ஆசிரியர் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் குடியிருக்க வீடில்லாமல் போய்விடுகிறார்கள். 2011 கடைசியில் ஆசிரியர் சங்கமான ஏ.எஃப்.டி. முன்நின்று பல அமைப்புகளைச் சேர்த்து ஒரு திட்டம் தொடங்கியது. ஆசிரியர்களுக்காகவே வெல்ச்சில் அடுக்கு வீடு கட்டியது அதன் ஒரு பகுதி. ஆசிரியர் வீடு இல்லாமல் பள்ளி சரியாகாது என்று யோசித்தார்களே, அதுதான் அந்த ஊரைப் புரிந்துகொண்ட யோசனை. கோல்வுட் என்ற சுரங்கக் குடியிருப்பில் வளர்ந்து, பள்ளி நாளிலேயே ராக்கெட் விட்டு, நாசா பொறியாளரான ஹோமர் ஹிக்கம் படித்ததும் இந்தக் கவுண்டிப் பள்ளியில்தான். நான்கு வயதுக்கு அங்கே தாராளமாகச் சேர்க்கலாம். உயர்நிலை வகுப்புக்குள் உங்கள் மூன்று வருடம் முடிந்துவிடும்.

2018 பிப்ரவரி 22 அன்று வெஸ்ட் வர்ஜீனியாவின் 55 கவுண்டியிலும் ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். எங்கள் உணவு வங்கிக்கு அந்த வாரம் முழுக்க ஆசிரியர்கள் வந்தார்கள். பள்ளி மூடினால் காலை உணவும் மதிய உணவும் இல்லாமல் போகும் பிள்ளைகள் யார் யார் என்று அவர்களுக்குப் பெயரோடு தெரியும். பையில் கட்டி, ஹாலர் ஹாலராக எடுத்துப் போனார்கள், சம்பளம் கிடைக்குமா என்று தெரியாத வாரத்தில். தொழிற்சங்கம் என்பது அந்த மலையில் ரத்தத்தில் ஊறியது. 1921 ஆகஸ்ட் 1 அன்று, சுரங்கத் தொழிலாளர் பக்கம் நின்ற மேட்வான் ஊர்ப் போலீஸ் தலைவர் சிட் ஹாட்ஃபீல்டை வெல்ச் நீதிமன்றப் படிக்கட்டிலேயே கம்பெனிகளின் கூலித் துப்பறிவாளர்கள் சுட்டுக் கொன்றார்கள். வழக்குக்காக மனைவியோடு படியேறி வந்தவர், கையில் ஆயுதம் இல்லை. மாதக் கடைசியில் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் துப்பாக்கியோடு பிளேர் மலைக்கு அணிவகுத்தார்கள். அந்தப் படிக்கட்டு இன்னமும் இருக்கிறது. வரி கட்டவும் கார் பதிவுக்கும் நீங்கள் ஏறப்போவது அதே படிதான்.

நவம்பரில் நன்றி நவிலும் வாரம் முழுக்கப் பள்ளி லீவு. மான் வேட்டைக் காலம். வெளியே நடந்தால் ஆரஞ்சுத் தொப்பி போட்டுக்கொள்ளுங்கள், குழந்தைக்கும் சேர்த்து. சுட்ட மான் கறியை வேட்டைக்காரர்கள் உணவு வங்கிக்குக் கொடுக்க மாநில அளவிலேயே ஒரு திட்டம் உண்டு. எங்கள் பெட்டியில் அந்த மாதம்தான் நல்ல புரதம் இருக்கும். மற்ற மாதங்களில் ஹாட்ஃபீல்ட்-மெக்காய் பாதைகளில் நான்கு சக்கர மலை வண்டி ஓட்ட வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள். கொஞ்சம் காசு புழங்குகிறது, சில பழைய வீடுகள் விடுதிகளாகியிருக்கின்றன. கரி விட்டுப்போன பள்ளத்தை அது நிரப்பாது என்பது என் கருத்து.

ஒரு விஷயத்தில் எங்கள் தவற்றைச் சொல்லியாக வேண்டும். நாங்கள் பிரின்ஸ்டனில் வீடெடுத்தோம், வசதி என்று. அதனால் ஆறு வருடமும் என் மனைவி அங்கே வேலைக்கு வந்துபோகிறவராக இருந்தார். நீங்கள் முடிந்தால் வெல்ச்சிலேயே, மேட்டில் ஒரு வீடு பாருங்கள். டாக்டர் மளிகைக் கடையில் நிற்கிறார், டாக்டர் மகள் எங்கள் பேத்தியோடு படிக்கிறாள் என்பது அங்கே மருந்தைவிடப் பெரிய காரியம். வருகிற டாக்டரெல்லாம் மூன்று வருடத்தில் போய்விடுவார் என்று பழகிப்போன ஊர் அது.

ஏன் எல்லோரும் போய்விடவில்லை என்று கேட்டிருந்தீர்கள். பணம் ஒரு காரணம். அங்கே வீட்டை விற்றால் ஷார்லட்டில் மூன்று மாத வாடகைக்குக் காணாது, பல வீடுகளை வாங்க ஆளே இல்லை. நிலத்தில் பெரும் பங்கு வெளியூர்க் கம்பெனிகள் பெயரில் இருக்கிறது. இருக்கும் துண்டு நிலத்தை விட்டால் திரும்ப வர இடம் கிடையாது. ஆனால் இந்தப் பதிலை நான் ஒரு முறை சொன்னபோது உணவு வங்கியில் கூட வேலை பார்த்த ஒரு பெரியவர் மறுத்துத் தலையாட்டினார். எதுவும் விளக்கவில்லை. மே கடைசியில் வா, காட்டுகிறேன் என்றார்.

மே மாதக் கடைசி வாரம் அவர்களுக்குக் கல்லறைகளை அலங்கரிக்கும் நாள். குடும்பக் கல்லறைகள் மலை உச்சியில் இருக்கும், ஏனென்றால் கீழே இருக்கும் சமநிலம் வாழ்கிறவர்களுக்கே போதாது. அங்கே கார் ஏறாது. ஓஹையோ, மிச்சிகன், நார்த் கரோலைனா நம்பர் பலகைகளோடு கீழே முப்பது கார் நின்றது. பாட்டிகளை மலை வண்டியில் ஏற்றி மேலே கொண்டுபோனார்கள். பிள்ளைகள் கையில் பிளாஸ்டிக் பூ, பெரியவர்கள் கையில் மண்வெட்டியும் புல்வெட்டியும். பெரியவர் ஒவ்வொரு கல்லாகப் போய் என்னிடம் அறிமுகம் செய்தார்: இது சுரங்கக் கூரை இடிந்து போனவர், இது அவர் மனைவி, இது நுரையீரலில் போனவர், இது என் மகள். பெயரே செதுக்காத வெறும் கல் ஒன்று இருந்தது. ஹங்கேரிக்காரன், கம்பெனி பெயர் எழுதி வைக்கவில்லை, எங்கள் தாத்தா இங்கே இடம் கொடுத்தார் என்றார். அதற்கும் ஒரு பூ வைத்தார்கள்.

2025 வெள்ளம் முடிந்த வாரம் நாங்கள் ஷார்லட்டிலிருந்து போனோம். அவர் வீட்டில் இடுப்பளவு சேறு. மருமகள்கள் நனைந்த புகைப்படங்களை ஒவ்வொன்றாகத் தண்ணீரில் அலசி, துணி காயப்போடும் கொடியில் கிளிப் மாட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் வாசலில் ஒரு நாற்காலியைக் கழுவி எங்களுக்குப் போட்டார். மேலே கல்லறைக்குப் போகும் பாதை சரிந்துவிட்டது, மே மாதத்துக்குள் வெட்டிவிட வேண்டும் என்றார். என் மகனைப் பார்த்து, உனக்கு மண்வெட்டி பிடிக்கத் தெரியுமா என்று கேட்டார்.